தம்பியின் கால்களுக்கு வைத்த நேர்த்தி

நேர்த்தி வைத்தது ஜெனீற்றாவின் வாய். நடக்க வேண்டியவையோ அவளுடைய தம்பி கிறிஸ்ரியின் கால்கள். அல்லைப்பிட்டியில் இதை யாரும் புதினமாக நினைப்பதில்லை. பிள்ளைக்குக் கடும் காய்ச்சலென்றால் தாய் பிள்ளையின் தலைமுடியை நேர்ந்துவிடுகிறாள், பிள்ளையிடம் கேட்டுக்கொண்டா நேர்கிறாள்? ஆனால் அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதாகி, சுவிஸில் ஒரு மலையூர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்து, கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காத ஆளாக இருந்துவிட்டால் என்னென்ன கரைச்சல் வரும் என்பதை ஜெனீற்றாவுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

கிறிஸ்ரிக்கு மலை விசர். அந்த நாட்டில் ஆட்கள் மலைகளின் மேலால் நாட்கணக்காக நடக்கிறார்களாம். பொழுதுபட ஒரு குடிலுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே சூப்பும் படுக்க ஒரு பலகையும் கிடைக்குமாம். விடிய எழும்பி அடுத்த குடிலுக்கு நடப்பார்களாம். அவன் இதைத் தொலைபேசியில் சொன்ன நாளில், "வீட்டிலை கட்டில் இல்லையோ உனக்கு?" என்று ஜெனீற்றா கேட்டாள். அவன் சிரித்தான். அவனுக்கு எல்லாம் சிரிப்பு.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படியொரு நடையின் மூன்றாம் நாள், காலையில் வெயிலாக இருந்த வானம் மத்தியானத்துக்குள் மாறிவிட்டது. குடில்காரன் போகாதே என்று முன்பே சொல்லியிருக்கிறான். அடுத்த குடிலில் இடம் பதிந்தாகிவிட்டது, அங்கே தனக்காகச் சமைத்துக்கொண்டிருப்பார்கள் என்று இவன் கிளம்பிவிட்டான். மழை பனியாகி, பாதை மறைந்து, வழுக்கிப்போய்ப் பாறைகளுக்கு நடுவில் விடியும்வரை கிடந்தான். இடுப்பெலும்பு நொறுங்கிப் போயிற்று. உயிர் தப்பினாலும் இனி நடப்பானோ தெரியாது என்று வைத்தியர்கள் கைவிரித்துவிட்டதாக அவனுடைய மனைவி அன்ரனிட்டா தொலைபேசியில் அழுதாள். ஜெனீற்றா குசினிச் சீமெந்தில் அப்படியே முழங்காலில் விழுந்தாள். அந்தோனியாரே, அவனை எழுப்பி நடக்கவிடும். நடந்தானென்றால் அல்லைப்பிட்டியிலிருந்து நெடுந்தீவில் உம்முடைய கோயில் வாசல் வரைக்கும் சில்லுப் பூட்டிய எந்த வாகனத்திலும் ஏறாமல் நடந்தே வருவான் என்று நேர்ந்தாள். இடையில் கடல் கிடப்பது நேர்ந்து முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வள்ளத்துக்குச் சில்லு இல்லைத்தானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

அவன் எழும்பினான். தடியோடு நடந்தான், பிறகு தடியில்லாமலும் நடந்தான். உணவகம் மூடுகிற கார்த்திகை மாதத்தில் விடுமுறையெடுத்து ஊருக்கு வந்து, "எங்கை அக்கா நடக்கவேணும்?" என்று கேட்டான். ஜெனீற்றாவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகை அவன் பையைத் திறந்து சாமான்களைப் பரப்பும்வரைக்கும்தான் நீடித்தது.

எருமைக் குளம்பு மாதிரி இரண்டு சப்பாத்து. மடித்து நீட்டுகிற இரண்டு உலோக ஊன்றுகோல். மழைக்கு ஒரு சட்டை, காற்றுக்கு ஒரு சட்டை, வியர்வைக்கென்று வேறொரு சட்டை. வழியை மூன்று துண்டாகப் பிரித்தும் வைத்திருந்தான். முதல் நாள் வேலணை, இரண்டாம் நாள் புங்குடுதீவு, மூன்றாம் நாள் குறிகட்டுவானுக்கு நடந்து வள்ளம்.

"மூண்டு நாளோ? சில்வெஸ்ரர் அண்ணை மீன் கொண்டு போற வழி அது. கால் நல்லாயிருக்கிற ஆள் ஒரு நாளையிலை நடந்திடும்."

"என்ரை இடுப்பிலை தகடு கிடக்கு அக்கா. அதோடை, நடந்து முடிக்கிறது பெரிசில்லை. ஒவ்வொரு நாளும் போய்ச் சேருற இடம் ஒண்டு இருக்கவேணும். அதுதான் ருசி."

நேர்த்தியில் ருசி பார்க்கிற ஆளை ஜெனீற்றா அன்றுதான் கண்டாள். இவனைத் தனியே விட்டால் எங்கேயாவது ஓட்டோவில் ஏறிப் படமும் எடுத்துப் போடுவான் என்று பயந்து, தான் படிப்பிக்கிற முன்பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுத் தானும் குடையோடு கிளம்பினாள்.

தீவுப்பகுதி வீதியில் ஒருவன் நடந்துபோனால் அவனுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் சனம் நினைக்கும். மண்கும்பான் தாண்டுவதற்குள் நிறுத்திய வாகனங்களுக்குக் கணக்கில்லை. "ஏறுங்கோ" என்றான் ஓட்டோக்காரன். "ஏன் ஏறமாட்டியள், கோவமோ?" என்றார் டிராக்டரில் போனவர். ஒவ்வொருவருக்கும் ஜெனீற்றா நின்று நேர்த்தியை விளக்கினாள். விளக்கி முடித்தவுடன் அவர்கள் கிறிஸ்ரியின் ஊன்றுகோல்களைப் பார்த்து, "பாவம், ஏலாத பிள்ளையை ஏன் நடத்திறியள்?" என்று அவளையே ஏசினார்கள். அவன் பக்கத்தில் நின்று பாவமாகத் தலையாட்டினான்.

சில்வெஸ்ரர் அண்ணையோ விளக்கத்துக்கெல்லாம் அடங்குகிற ஆளில்லை. தன்னுடைய லான்ட்மாஸ்ரர் உழவு வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்து, இரண்டு பேருக்கும் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். மீன் பெட்டிகள் மணத்தன, புகை முகத்தில் அடித்தது.

"சரி, நீங்கள் ஏறவேண்டாம். பையைத் தாருங்கோ. பை நேரேல்லைத்தானே."

ஜெனீற்றா யோசித்தாள். பை சில்லில் ஏறலாமா, கூடாதா? அந்தோனியாருக்கு அவள் பையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொடுக்கலாம் என்று வாயெடுப்பதற்குள் கிறிஸ்ரி மறித்தான்.

"பையை வாகனத்திலை அனுப்பிப்போட்டு நடக்கிற ஆக்கள் அங்கையும் இருக்கினம். நாங்கள் அவையை மதிக்கிறேல்லை."

"கேட்டியளே அண்ணை, சுவாமியைவிட இவருக்குத்தான் சட்டம் கூட" என்றாள் ஜெனீற்றா.

வெயில் எறித்தது. பிறகு கறுத்தது. பிறகு மழை பெய்தது. மழைச் சட்டையைப் போட்டு முடிக்க வெயில் எறித்தது. கிறிஸ்ரி ஒவ்வொரு முறையும் நின்று ஒரு சட்டையைக் கழற்றி மற்றதைப் போட்டான். கார்த்திகையில் நனைவதும் காய்வதும் இந்த ஊரில் மூச்சு விடுவதைப் போன்ற காரியம், அதற்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தால் கிறிஸ்மசுக்குத்தான் போய்ச் சேருவோம் என்று அவள் கத்தினாள். அவன் கைத்தொலைபேசியில் முகில் படத்தைப் பார்த்து, இன்னும் அரை மணித்தியாலத்தில் விட்டுவிடும் என்றான். விட்டது. அதுவும் அவளுக்குக் கோபமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அவன் முன்னே போகும்போது இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து போகிற அந்த நடையை, பின்னால் வந்த ஜெனீற்றா பார்த்துக்கொண்டே வந்தாள். அலுக்கவேயில்லை.

அன்று பொழுதுபட வேலணையில் பவதாரணி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பவதாரணி ஜெனீற்றாவோடு முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கிறிஸ்ரி கதிரையில் சாய்ந்து, மலைக்குடிலில் கூட இப்படியொரு சாப்பாடு கிடைத்ததில்லை என்று அவளைக் குளிர்வித்தான்.

"இவ்வளவு நோவோடை உங்களுக்கு இது கஸ்ரமாயில்லையோ?" என்று பவதாரணி கேட்டாள்.

"கஸ்ரந்தான். ஆனா எனக்கு நல்ல பயிற்சி. யூலையிலை திரும்ப மலைக்குப் போறன். மூண்டாம் நாள் நடையிலை எல்லோ விழுந்தனான், மிச்சக் குடிலுகள் அப்பிடியே கிடக்கு. விட்ட இடத்திலை இருந்து தொடங்கவேணும்."

ஜெனீற்றாவின் கை இடியப்பத் தட்டில் அப்படியே நின்றது. பயிற்சி. மலையிலிருந்து பிழைத்ததற்கு வைத்த நேர்த்தி, மலைக்குப் போவதற்குப் பயிற்சி. அன்று முழுக்க அந்தோனியாருக்குக் கடன் தீர்ப்பதாக நினைத்துக்கொண்டு, இவன் திரும்பவும் போய் விழுவதற்குக் கால் பழக்கிக் கொடுத்திருக்கிறாள். இவளுக்கு வேறு தம்பி இல்லை. இந்த ஒருவன்தான், அவனும் இப்படி.

"நேர்த்தியிலை இன்னொண்டும் இருக்கு" என்றாள். அவளுடைய வாய் தன்பாட்டில் பேசியது. "நீ இனிமேல் மலைக்குப் போகமாட்டாய் எண்டும் சொன்னனான்."

கிறிஸ்ரி அவளை நிமிர்ந்து பார்த்தான். 

"முந்திச் சொல்லேல்லையே."

"இப்பச் சொல்லுறன்."

"சரி அக்கா" என்றான் அவன். பிறகு சொதியை ஊற்றிக்கொண்டான்.

சண்டை பிடிப்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அவனோ இலேசாக ஒத்துக்கொண்டுவிட்டான். அந்தோனியாரின் பெயரில் பொய் சொல்லியாயிற்று. சொன்னது சொன்னதுதான், தம்பி உயிரோடு இருந்தால் தான் நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு படுத்தாள். நித்திரை மட்டும் சரியாக வரவில்லை.

மறுநாள் வேலணை முடிந்து, புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதி தொடங்குகிற இடத்துக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேரே நீண்டு கிடக்கிற வீதி. மரமில்லை, கூரையில்லை, ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லை. கிறிஸ்ரி நின்றுவிட்டான். வடகிழக்கைப் பார்த்தான். கைத்தொலைபேசியை எடுக்கவில்லை.

"இருப்பம் அக்கா. இடி வருகுது. உதிலை போய் நடுவிலை அம்பிட்டால் நாங்கள்தான் அங்கை உயரமான சாமான்."

"கார்த்திகை எண்டால் இடி இடிக்கத்தான் செய்யும். அங்காலை புங்குடுதீவிலை எங்கடை மேரிஜோசப்பின் மாமி நண்டு வாங்கி வைச்சுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பா. பிந்தினால் பிறகு ஊர் முழுக்கக் குறை சொல்லுவா."

"நண்டு ஓடாது. ஒரு மணித்தியாலம் இருந்திட்டுப் போவம்."

"நேத்தெல்லாம் ருசி ருசியெண்டு நடந்தனி. இண்டைக்கு மட்டும் என்ன? வா, அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார்."

இரவு முழுக்கக் கிடந்த கோபம் அவளுடைய கால்களை இழுத்துக்கொண்டு போனது. அவள் முன்னே நடந்தாள். கூப்பிட்டுப் பார்த்தான், அவள் திரும்பவில்லை. தனியே விட மனமில்லாமல் அவனும் பின்னால் வந்தான்.

பாதி வழியில் பிடித்துக்கொண்டது. காற்று குடையைப் பறித்துக் கடலில் எறிந்தது. மழை மேலிருந்து பெய்யவில்லை, பக்கத்திலிருந்து அடித்தது. பிறகு வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன, கடல் ஒரு கணம் வெள்ளையாகத் தெரிந்தது. கிறிஸ்ரி ஊன்றுகோல்களைத் தூர வீசினான், அவளுடைய தோளைப் பிடித்து வீதியோரத்தில் குந்தவைத்தான். தானும் சற்றுத் தள்ளிக் குந்தினான். குந்தும்போது இடுப்பு நொந்து முகம் சுருங்கியதை அவள் கண்டாள்.

அப்போதுதான் ஜெனீற்றாவுக்கு உறைத்தது. வானம் மாறுகிறது, போகாதே என்று சொன்னார்கள். அடுத்த இடத்தில் சமைத்து வைத்திருப்பார்கள் என்று இவள் கிளம்பினாள். இரண்டு வருடமாக எந்தக் காரியத்துக்காக அவனை வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தாளோ, அதே காரியத்தைத் தானே செய்து அவனையும் நடுக்கடலுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். நண்டுக்கறிக்காக.

பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் போகிற பஸ். சாரதி இவர்களைக் கண்டதும் நிறுத்தினான். நடத்துநர் கதவைப் பிடித்துக்கொண்டு, "விசரே உங்களுக்கு? ஏறுங்கோ கெதியா" என்று கத்தினான்.

"நீங்கள் ஏறுங்கோ அக்கா" என்றான் கிறிஸ்ரி. "நேர்த்தி என்ரை காலுக்குத்தான், உங்களுக்கில்லை."

"நீ?"

"நான் சில்லிலை ஏறேலாது. நீங்கள்தானே சொன்னியள்."

அவன் பகிடி பண்ணவில்லை. தண்ணீர் ஓடுகிற வீதியில் குந்தியிருந்தபடி, மெய்யாகவே தான் வரமாட்டேன் என்று சொன்னான். ஜெனீற்றா பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். இவன் இப்போது ஏறினால் நேர்த்தி முறியும். நேர்த்தி முறிந்தால், நேற்று இரவு அதோடு சேர்த்துக் கட்டிய மற்றக் கதையும் முறியும், யூலையில் மலைக்குப் போய்விடுவான். ஏறாமல் இருந்தால் நேர்த்தி நிற்கும். ஒரு கணம், ஒரேயொரு கணம், ஏறாமல் இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். பிறகு அடுத்த மின்னல் வந்தது. அவள் இறங்கி ஓடி அவனுடைய பையின் வாரைப் பிடித்து இழுத்தாள், பின்னால் போய் இரண்டு கையாலும் தள்ளினாள். அவன் மறிக்கப் பார்த்தான். இடுப்பில் கிடக்கிற தகட்டுக்கு நோகுமே என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. நடத்துநர் மேலேயிருந்து இழுக்க, மாட்டைப் படகில் ஏற்றுகிற மாதிரி அவனை ஏற்றினார்கள்.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் முறை வைத்து ஏசினார்கள். ஒரு மனுசி தன்னுடைய துவாயைத் தந்துவிட்டு ஏசினாள். இருவரும் ஒரு சீற்றில் ஈரமாக உட்கார்ந்திருந்தார்கள். மழையில் பஸ் ஊர்ந்தது.

"நேர்த்தி முறிஞ்சு போட்டுது" என்றான் கிறிஸ்ரி.

"சில்லிலை ஏறினதுக்கு அந்தோனியாரோடை நான் கதைக்கிறன்."

"மலைக்குப் போறதுக்கும் கதைப்பியளோ?"

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அதை நான் நேரேல்லை" என்றாள். "ராத்திரி நானாச் சேர்த்தனான்."

"தெரியும்."

"என்னெண்டு தெரியும்?"

"நீங்கள் நேர்ந்த அண்டைக்கு நான் எழும்புவனோ எண்டே ஒருத்தருக்கும் தெரியாது. கால் அசையேல்லை. அந்த நேரத்திலை மலைக்குப் போகக்கூடாது எண்டு ஆர் நேருவினம் அக்கா? நீங்கள் என்னை நடக்க வைக்கச் சொல்லித்தான் கேட்டிருப்பியள்."

 அவன் சொன்னது சரி. குசினியில் விழுந்து கிடந்தபோது அவள் கேட்டது அவ்வளவுதான். எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக்கூடாது என்று அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நடந்தால் போதும் என்றிருந்தது.

"தெரிஞ்சுகொண்டு ஏன் ஓமெண்டனி?"

"நீங்கள் பொய் சொல்லி நான் ஒருநாளும் கண்டதில்லை. அதுவும் அந்தோனியாரிலை. அவ்வளவுக்குப் பயந்து போயிருக்கிறியள் எண்டு எனக்கு ராத்திரித்தான் விளங்கினது. பிறகு என்னத்தைக் கதைக்கிறது?"

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான்.  துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இனி யூலைக்குப் போவாய்."

 "போவன்" என்றான் அவன்.

கையிலிருந்த ஈரத் துவாயால் அவனுடைய தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். நோகவில்லை, அவனும் நகரவில்லை. தாம்போதி முடிகிற இடத்தில் மழை தூறலாகிவிட்டது, இடியும் தெற்கே தூரப் போய்விட்டது. ஜெனீற்றா எழும்பி மணியை அடித்தாள்.

"இறங்கு. ஏறின இடத்துக்குத் திரும்பிப் போய், அங்கையிருந்து நடந்து வரவேணும்."

"நேர்த்தி முறிஞ்சு போட்டுதெல்லே?"

"கேட்டது கிடைச்சிட்டுது. நான் சொன்னதை நான் செய்யவேணும். கதையாமல் இறங்கு."

நடத்துநர் தலையில் கைவைத்துக்கொண்டு கதவைத் திறந்தான். அக்காவும் தம்பியும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். மாமியின் நண்டு இந்நேரம் ஆறிப்போயிருக்கும், அந்த வீட்டில் இன்று வாங்கப்போகிற பேச்சுக்கு இப்போதே காது சுட்டது. ஏறிய இடத்தை ஊன்றுகோல்கள் கிடந்ததைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். கிறிஸ்ரி அவற்றைப் பொறுக்கித் துடைத்தான். ஜெனீற்றா அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. அண்டைக்கு அந்த மலையிலை உனக்கு முன்னாலை ஒரு பஸ் வந்து நிண்டிருந்தால் ஏறியிருப்பியோ?"

அவன் யோசித்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஏறியிருக்கமாட்டன்."

"இண்டைக்கு ஏறினனிதானே?"

"இண்டைக்கும் நான் ஏறேல்லை அக்கா" என்றான். "நீங்கள் தள்ளினியள்."

சொல்லிவிட்டு அவன் புங்குடுதீவுப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினான், இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து. யூலையில் அவனுக்குப் பின்னால் தள்ளுவதற்கு யாரும் இருக்கப்போவதில்லை. ஜெனீற்றா அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்று அவன் பின்னால் ஓடினாள்.